சீட்டு இல்லாமல் மருந்துக்கடையில் தடுப்பூசி: அமெரிக்கச் சட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநராக வேலை செய்கிறேன். செப்டம்பர் பிறந்ததும் கடைக்கு வரும் தமிழ்க் குடும்பங்கள் என் பெயர்ப்பட்டையைப் பார்த்துவிட்டுத் தமிழிலேயே பேசத் தொடங்கிவிடுவார்கள். "டாக்டர் சீட்டு இல்லாமல் ஊசி போடுவீர்களா?" என்பதுதான் எப்போதும் முதல் கேள்வி. பின்னால் வரிசை நீண்டுகொண்டிருக்கும்போது அரைகுறையாகத்தான் பதில் சொல்ல முடிகிறது. அங்கே சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதியிருக்கிறேன்.

சீட்டு இல்லாமல் மருந்துக்கடையில் தடுப்பூசி போட்டுக்கொள்ள முடியுமா?

பெரும்பாலும் முடியும். மருந்தாளுநர் தடுப்பூசி போடலாம் என்று 50 மாநிலங்களும் சட்டத்தில் இடம் கொடுத்திருக்கின்றன. கடைசியாகச் சேர்ந்தது மெய்ன் மாநிலம், 2009இல். ஆனால் எந்த ஊசி, எத்தனை வயதுக்கு மேல், யாருடைய பரிந்துரையின் பேரில் என்ற மூன்றும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். எல்லைக் கோட்டைத் தாண்டி அடுத்த ஊரில் இருக்கும் அதே நிறுவனத்தின் கடையில் வேறு பதில் கிடைத்தால் அது கடைக்காரரின் மனப்போக்கு அல்ல. சட்டம் அங்கே வேறு.

சீட்டு தேவையில்லை என்றால் மருத்துவரே இதில் இல்லை என்று பொருளா?

இல்லை. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மீதிக் குழப்பங்களில் பாதி தீர்ந்துவிடும்.

தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாளை நினைத்துப் பாருங்கள். கிராம சுகாதார செவிலியர் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு மருத்துவரிடம் போய்ச் சீட்டு வாங்கி வரச் சொல்வதில்லை. இந்த வயதுக்கு இந்த ஊசி என்று அரசு போட்ட அட்டவணைதான் அவருக்குச் சீட்டு. அமெரிக்க மருந்துக்கடையிலும் ஏறக்குறைய அதே கதைதான். உங்கள் பெயருக்கென்று தனிச் சீட்டு இல்லை, அவ்வளவுதான். எல்லோருக்குமாக எழுதிய ஓர் அனுமதி பின்னால் இருக்கிறது.

அந்த அனுமதி எங்கிருந்து வருகிறது என்பதில்தான் மாநிலங்கள் வேறுபடுகின்றன. சில இடங்களில் ஒரு மருத்துவர் முன்கூட்டியே பொது உத்தரவு ஒன்றில் கையெழுத்திட்டிருப்பார். இந்த வயதில், இந்தத் தடைகள் இல்லாதவர் வந்தால் இந்த ஊசியைப் போடலாம் என்று அதில் இருக்கும். அந்த மருத்துவரை நீங்கள் ஒருநாளும் பார்த்திருக்க மாட்டீர்கள். வேறு சில இடங்களில் மாநிலச் சுகாதாரத் துறையின் தலைமை மருத்துவரே மாநிலம் முழுவதற்குமாகக் கையெழுத்திடுவார். இன்னும் சில மாநிலங்கள் மருந்தாளுநருக்கே நேரடியாக அதிகாரம் கொடுத்துவிட்டன. கலிஃபோர்னியா 2013இல் நிறைவேற்றி 2014 தொடக்கத்தில் நடைமுறைக்குக் கொண்டுவந்த சட்டம் அந்த வகை. 3 வயதுக்கு மேற்பட்டவருக்கு, நடுவணரசு ஆலோசனைக் குழு பரிந்துரைத்த தடுப்பூசிகளை மருந்தாளுநர் தன் பொறுப்பிலேயே போடலாம் என்றது அது. நியூயார்க் வேறு வழியில் போனது. அங்கே சட்டத்திலேயே ஊசிகள் பெயர் பெயராக எழுதப்பட்டிருக்கின்றன. புதிதாக ஒரு தடுப்பூசி வந்தால் சட்டமன்றம் உட்கார்ந்து பட்டியலைத் திருத்த வேண்டும்.

இந்த வழக்கம் எப்போது தொடங்கியது?

1989 முதல் 1991 வரை அமெரிக்காவில் தட்டம்மை பெரிய அளவில் பரவியது. 55,000 பேருக்கு மேல் நோய் கண்டது. நூற்றுக்கும் அதிகமானோர் இறந்தார்கள், அவர்களில் பலர் சின்னக் குழந்தைகள். ஊசிக்குப் பஞ்சமில்லை. அதை மக்களிடம் கொண்டுசேர்க்கத்தான் போதுமான இடங்கள் இல்லை என்பது அப்போது எல்லோருக்கும் உறைத்தது. வாஷிங்டன் மாநிலத்தில் 1994இல் மருந்தாளுநர்களுக்கு முறையான தடுப்பூசிப் பயிற்சி தொடங்கியது. அமெரிக்க மருந்தாளுநர் சங்கம் 1996இல் தேசிய அளவில் சான்றிதழ்ப் பயிற்சியைக் கொண்டுவந்தது. அப்போது இதற்கு அனுமதித்த மாநிலங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

மருத்துவரின் அலுவலகம் மாலை 5 மணிக்கு மூடிவிடும். மருந்துக்கடை இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் திறந்திருக்கும். இந்த நாட்டில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் ஒரு மருந்துக்கடையிலிருந்து 5 மைல் தொலைவுக்குள் வசிக்கிறார்கள். இரண்டு வேலை பார்ப்பவருக்கும், கார் இல்லாத பாட்டிக்கும் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைத் தினமும் பார்க்கிறேன். கொரோனா காலத்தில் மருந்துக்கடைகள் வழியாக மட்டும் 30 கோடிக்கு மேற்பட்ட ஊசிகள் போடப்பட்டன. அதில் நான் போட்டவற்றுக்கு என்னிடம் கணக்கில்லை. ஆனால் ஊசி போட்டுக்கொண்டு நாற்காலியிலேயே அழுத ஒரு பெரியவரின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. பேரனைப் பார்த்து ஓராண்டு ஆகிவிட்டது என்றார்.

2025இல் திடீரென்று கொரோனா தடுப்பூசிக்குச் சீட்டு கேட்டார்களே, ஏன்?

இதுவரை அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்க வேண்டும்.

மாநிலங்கள் சட்டம் எழுதியபோது, எந்தெந்தத் தடுப்பூசி என்று ஒவ்வொன்றாகப் பட்டியலிடுவதைவிட எளிய வழி ஒன்று கிடைத்தது. நடுவணரசின் நோய்த் தடுப்பு மையத்துக்குத் தடுப்பூசி ஆலோசனைக் குழு ஒன்று உண்டு. இங்கே அதை ஏசிஐபி என்பார்கள். அந்தக் குழு பரிந்துரைத்த ஊசியை மருந்தாளுநர் போடலாம் என்று ஒரே வரியில் எழுதிவிட்டால் வேலை முடிந்தது. குழுவில் இருப்பவர்கள் துறை வல்லுநர்கள், பல ஆண்டுகளாக நிதானமாக இயங்கிவந்தவர்கள். அந்த வரி ஒருநாள் சிக்கலாகும் என்று அப்போது யார்தான் நினைத்திருப்பார்கள்?

2025 ஜூன் 9 அன்று சுகாதாரத் துறைச் செயலர் ராபர்ட் எஃப். கென்னடி ஜூனியர் அந்தக் குழுவின் 17 உறுப்பினர்களையும் ஒரே நாளில் நீக்கிவிட்டுப் புதியவர்களை அமர்த்தினார். ஆகஸ்ட் 27 அன்று உணவு, மருந்து நிர்வாகம் அந்த ஆண்டுக்கான கொரோனா தடுப்பூசிகளுக்கு அனுமதி தந்தது. ஆனால் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும், அதற்குக் குறைந்த வயதில் ஆபத்து கூடிய உடல்நிலை உள்ளவர்களுக்கும் மட்டும் என்று வரம்பு போட்டது. ஊசி கடைக்கு வந்துவிட்டது. புதிய ஊசியைப் பற்றி ஆலோசனைக் குழுவோ இன்னும் கூடவே இல்லை, எதையும் பரிந்துரைக்கவும் இல்லை.

எந்த மாநிலங்களில் சட்டம் அந்தக் குழுவின் பரிந்துரையைச் சுட்டியதோ, அங்கெல்லாம் மருந்தாளுநரின் அதிகாரம் நின்றுபோனது. சிவிஎஸ், வால்கிரீன்ஸ் போன்ற பெரிய மருந்துக்கடை நிறுவனங்கள் பத்துக்கும் மேற்பட்ட மாநிலங்களில் சீட்டு கேட்டன. மாசச்சூசெட்ஸ், நெவாடா, நியூ மெக்சிகோ மூன்றிலும் சிவிஎஸ் சில நாட்கள் அந்த ஊசியையே போடவில்லை.

அந்த நாட்களில் எங்கள் கடைக்கு ஒரு தம்பதி வந்தார்கள். இருவருக்கும் 70க்கு மேல். அந்த அம்மாவுக்கு நுரையீரல் நோய். வரம்பு போட்ட அனுமதியின்படி பார்த்தாலும் அவர்கள் இருவரும் முதல் வரிசையில் இருக்க வேண்டியவர்கள். எனக்குப் பின்னால் குளிர்பெட்டியில் ஊசி இருக்கிறது. கையில் பயிற்சி இருக்கிறது. சட்டத்தில் ஒரு வரி இல்லை. "உங்கள் டாக்டரிடம் எழுதி வாங்கி வாருங்கள்" என்று சொன்னேன். டாக்டரைப் பார்க்க மூன்று வாரம் ஆகும் என்றார்கள். திரும்பிப் போனார்கள். அவர்கள் மறுபடி வரவில்லை. வேறு எங்காவது போட்டுக்கொண்டிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

பிறகு மாநிலங்கள் என்ன செய்தன?

மூன்று வாரத்துக்குள் சட்டங்களும் உத்தரவுகளும் வரிசையாக வந்தன. பென்சில்வேனியாவின் மருந்தியல் வாரியம் செப்டம்பர் 3 அன்று கூடி, குழந்தை மருத்துவர், குடும்ப மருத்துவர், மகப்பேறு மருத்துவர் சங்கங்களின் பரிந்துரையையும் மருந்தாளுநர் பின்பற்றலாம் என்று முடிவெடுத்தது. நியூயார்க் ஆளுநர் கேத்தி ஹோச்சுல் செப்டம்பர் 5 அன்று நிர்வாக உத்தரவு ஒன்றில் கையெழுத்திட்டார். கொலராடோ பொது உத்தரவு வழியில் போனது. கலிஃபோர்னியா, ஓரிகான், வாஷிங்டன், ஹவாய் நான்கும் சேர்ந்து மேற்குக் கடற்கரை சுகாதாரக் கூட்டணி என்ற பெயரில் தங்கள் பரிந்துரைகளைத் தாங்களே வெளியிட முடிவு செய்தன.

என் பார்வையில் இவற்றில் நன்றாக யோசித்து எழுதியது கலிஃபோர்னியா செப்டம்பர் 17 அன்று கொண்டுவந்த சட்டம். ஆலோசனைக் குழு 2025 ஜனவரி 1 அன்று பரிந்துரைத்திருந்தவற்றை அடித்தளமாக வைத்துக்கொண்டு, அதற்குமேல் மாற்றம் செய்யும் அதிகாரத்தை மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையிடம் கொடுத்தது அது. அவசர உத்தரவு காலாவதியாகும், சட்டம் நிற்கும். ஒரே தூணில் கூரையைத் தாங்க விட்டதுதான் பழைய தவறு. அதைத் திருத்த வேண்டிய இடம் சட்டப் புத்தகம்.

நாடு முழுவதற்கும் சீட்டைக் கட்டாயமாக்கப் பார்த்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. 2025 செப்டம்பர் 19 அன்று புதிய ஆலோசனைக் குழுவில், கொரோனா தடுப்பூசிக்கு மருந்துச் சீட்டு வேண்டும் என்று மாநிலங்களுக்குப் பரிந்துரைக்கலாமா என்று வாக்கெடுப்பு நடந்தது. 6க்கு 6 என்று சமமாக நின்றது. தலைவர் மார்ட்டின் குல்டார்ஃப் எதிராக இருந்ததால் தீர்மானம் தோற்றது. அவ்வளவு நூலிழையில் தப்பியது. சீட்டு கட்டாயமாகியிருந்தால் குடும்ப மருத்துவர் இல்லாதவர்களுக்கு ஊசியே எட்டாமல் போயிருக்கும்.

அன்று நிறைவேறியது வேறொன்று. தனிப்பட்டவரின் நிலையைப் பார்த்து, சுகாதாரப் பணியாளரோடு பேசி முடிவெடுக்க வேண்டும் என்பது. நோய்த் தடுப்பு மையம் அக்டோபர் 6 அன்று அதை ஏற்றுக்கொண்டது. பேச வேண்டிய சுகாதாரப் பணியாளர் என்பதில் மருந்தாளுநரும் அடக்கம். ஆகவே கவுன்டரில் நான் உங்கள் நோய்களைப் பற்றியும் மருந்துகளைப் பற்றியும் நாலு கேள்வி கேட்டால் எரிச்சல்படாதீர்கள். அந்தப் பேச்சுதான் அந்தப் பரிந்துரை கேட்கும் பேச்சு.

மாநிலச் சட்டம் இடம் தராவிட்டாலும் நடுவணரசு ஆணை ஒன்று இருக்கிறது என்கிறார்களே?

இருக்கிறது. அவசரநிலைத் தயார்நிலை குறித்த 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், 2020 ஆகஸ்ட்டில் நடுவணரசு ஒரு பிரகடனத் திருத்தம் வெளியிட்டது. 3 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கு மருந்தாளுநர்கள் தடுப்பூசி போடலாம் என்றது அது. மாநிலச் சட்டம் தடுத்தாலும் இது மேலோங்கும். பிறகு பலமுறை திருத்தி, 2024 டிசம்பரில் இன்னொரு நீட்டிப்பு கொடுத்தார்கள். அதன்படி ஃப்ளூ, கொரோனா ஊசிகளுக்கு மட்டும் 3 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 2029 டிசம்பர் 31 வரை அனுமதி தொடர்கிறது.

ஆனால் இதிலும் ஆலோசனைக் குழுவின் பரிந்துரைப்படி என்ற நிபந்தனை உண்டு. 2025 ஆகஸ்ட்டில் இந்தக் கதவும் கைகொடுக்காமல் போனதற்கு அதுவே காரணம்.

என் மாநிலத்தில் என்ன நிலை என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

மாநில மருந்தியல் வாரியத்தின் இணையதளத்திலும் சுகாதாரத் துறையின் இணையதளத்திலும் இருக்கும். அதைவிட விரைவான வழி, போவதற்கு முன் கடைக்கு ஒரு போன். "தடுப்பூசி இருக்கிறதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "இத்தனை வயதுள்ளவருக்கு, இந்த ஊசியை, சீட்டு இல்லாமல் போடுவீர்களா?" என்று முழுதாகக் கேளுங்கள். இணையத்தில் நேரம் பதிவு செய்யும் பக்கம் சில சமயம் பழைய விதியையே காட்டும்.

சீட்டு வேண்டும் என்றால் மருத்துவரை நேரில் பார்க்கத்தான் வேண்டும் என்றில்லை. அவருடைய அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பி, கடையின் பெயரைச் சொன்னால், மின்னணுச் சீட்டாக நேராக எங்களுக்கே அனுப்பிவிடுவார்கள்.

குழந்தைக்கு மருந்துக்கடையில் ஊசி போடலாமா?

3 வயதுக்குக் கீழே என்றால் குழந்தை மருத்துவரிடம் போங்கள். இந்த வரம்புக்குக் காரணம் இருக்கிறது. கைக்குழந்தைக்கும் தவழும் பிள்ளைக்கும் தொடையில்தான் ஊசி போடுவார்கள். பிள்ளையைப் பிடித்துக்கொள்வதிலிருந்து எல்லாமே வேறு. அது குழந்தை மருத்துவமனைச் செவிலியரின் கை பழகிய வேலை.

3 வயதுக்கு மேல் ஃப்ளூ ஊசிக்கு எங்களிடம் வரலாம். மற்ற ஊசிகளுக்கு மாநிலத்தைப் பொறுத்து வயது வரம்பு மாறும். பெற்றோர் அல்லது சட்டப்படியான பாதுகாவலரின் ஒப்புதல் வேண்டும். தாத்தாவோ அத்தையோ அழைத்து வந்தால் முதலில் போன் செய்து என்ன தேவை என்று கேட்டுக்கொள்ளுங்கள். பலமுறை பிள்ளையைத் திருப்பி அனுப்ப நேர்ந்திருக்கிறது.

2020இல் மருந்தாளுநருக்கு இந்த அதிகாரம் கிடைத்தபோது குழந்தை மருத்துவர்கள் சங்கம் வெளிப்படையாக எதிர்த்தது. ஊசிக்காக வரும்போதுதான் பிள்ளையின் எடை, வளர்ச்சி, பேச்சு, பார்வை எல்லாவற்றையும் பார்க்க முடிகிறது, அந்த வருகை நின்றுவிடும் என்பது அவர்கள் கவலை. அந்தக் கவலை நியாயமானது. பிரகடனத்திலேயே, பிள்ளையை வளர்ச்சிப் பரிசோதனைக்கு மருத்துவரிடம் காட்டுவது முக்கியம் என்று பெற்றோருக்கு எடுத்துச்சொல்வது மருந்தாளுநரின் கடமை என்று எழுதியிருக்கிறார்கள். நான் சொல்கிறேன். நீங்களும் தயவுசெய்து கேளுங்கள்.

இன்னொன்று. காப்பீடு இல்லாத பிள்ளைகளுக்கும், மெடிகெய்ட் என்ற குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசுக் காப்பீடு உள்ள பிள்ளைகளுக்கும் 1994 முதல் அரசு இலவசமாகத் தடுப்பூசி தருகிறது. பல மருந்துக்கடைகள் அந்தத் திட்டத்தில் சேரவில்லை. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு மாவட்டச் சுகாதார மையமே நல்ல வழி.

ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவுக்குப் போடலாமா? விசா கேட்பீர்களா?

கேட்க மாட்டோம். பெயர், பிறந்த தேதி, முகவரி, ஏதாவது ஓர் அடையாளச் சான்று. பாஸ்போர்ட் போதும். சுற்றுலா விசாவில் வந்தவருக்கும் அதே ஊசி, அதே விதி.

பணம் மட்டும் கையிலிருந்து போக வேண்டியிருக்கும். பயணக் காப்பீடு பொதுவாக வந்த நோய்க்குத்தான், வருமுன் காக்கும் ஊசிக்குத் தராது. விலையை முதலிலேயே கேளுங்கள். கடைக்குக் கடை வித்தியாசம் உண்டு. எங்கள் கடைக்கு வரும் பெற்றோர் பலரும் அக்டோபரில் வந்து ஏப்ரல் வரை இருப்பவர்கள். இங்கே ஃப்ளூ காலம் முழுவதும் மூடிய வீட்டுக்குள், பள்ளிக்குப் போய்வரும் பேரப்பிள்ளைகளோடு இருப்பார்கள். அவர்களுக்கு ஃப்ளூ ஊசியை நான் வற்புறுத்தியே சொல்வேன்.

மெடிகேர் இருந்தால் கட்டணம் உண்டா?

மெடிகேர் என்பது முக்கியமாக 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான அரசுக் காப்பீடு. ஃப்ளூ, நிமோனியா, கொரோனா ஊசிகள் அதன் பி பிரிவில் வரும். அக்கி நோய்க்கான ஊசி, டெட்டனஸும் கக்குவான் இருமலும் சேர்ந்த ஊசி, மூச்சுப்பாதையைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. வைரஸுக்கான ஊசி ஆகியவை டி பிரிவில் வரும். டி பிரிவில் பரிந்துரைக்கப்பட்ட ஊசிகளுக்கு 2023 ஜனவரி முதல் உங்கள் பங்குக் கட்டணம் எதுவும் கிடையாது.

டி பிரிவு என்பது மருந்துக் காப்பீடு. மருத்துவர் அலுவலகங்கள் பலவற்றால் அதற்கு நேரடியாகக் கணக்கு அனுப்ப முடியாது. மருந்துக்கடையால் முடியும். அதனால் அக்கி ஊசியை மருத்துவரிடம் போட்டுக்கொண்டு முழுத் தொகைக்குப் பில் வாங்கி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எங்களிடம் வந்திருந்தால் ஒரு டாலர்கூட ஆகியிருக்காது. 50 வயதுக்கு மேல் 2 முதல் 6 மாத இடைவெளியில் இரண்டு தவணை போட வேண்டிய ஊசி அது. இரண்டுக்கும் கடைக்கே வாருங்கள்.

தனியார் காப்பீட்டில், ஆலோசனைக் குழு பரிந்துரைத்த ஊசிகளுக்குக் கட்டணம் கேட்கக் கூடாது என்பது சட்டம். 2025 குழப்பத்துக்குப் பிறகு, அந்த ஆண்டு செப்டம்பர் 1 வரை பரிந்துரையில் இருந்த எல்லாத் தடுப்பூசிகளுக்கும் 2026 இறுதி வரை தொடர்ந்து பணம் தருவோம் என்று காப்பீட்டு நிறுவனங்களின் தேசியச் சங்கம் அறிவித்தது.

மருந்தாளுநருக்கு ஊசி போடத் தெரியுமா?

தெரியும். 2020ஆம் ஆண்டுப் பிரகடனம் கேட்டது குறைந்தது 20 மணி நேரப் பயிற்சி. அங்கீகாரம் பெற்ற பயிற்சியாக இருக்க வேண்டும், கையால் போட்டுப் பழகியிருக்க வேண்டும். இதயம் நின்றுபோனால் செய்யும் முதலுதவிக்கான (சிபிஆர்) சான்றிதழும் கையிருப்பில் வேண்டும். இன்று மருந்தியல் கல்லூரிகளில் இது பாடத்திட்டத்திலேயே இருக்கிறது.

ஊசியை எடுப்பதற்கு முன்பே பாதி வேலை நடந்திருக்கும். குளிர்பெட்டியின் வெப்பநிலை 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்று பார்த்துப் பதிவு செய்திருப்போம். முட்டை, மருந்து ஒவ்வாமை உண்டா, புற்றுநோய் சிகிச்சையில் இருக்கிறீர்களா, கர்ப்பமா என்று ஒரு தாளில் கேட்டிருப்போம். பிறகு தோள் எலும்பின் நுனியைத் தொட்டுப் பார்த்து, அங்கிருந்து இரண்டு மூன்று விரற்கடை கீழே, முக்கோணத் தசையின் நடுவில் 90 டிகிரியில் ஊசி இறங்கும். மேலே தப்பிப்போனால் மூட்டுக்குள் போய் மாதக்கணக்கில் தோள்வலி வரக்கூடும்.

இதற்காகத்தான் நம் பெண்களிடம் ஒரு வேண்டுகோள். ரவிக்கைக் கை இறுக்கமாக இருந்தால் மேலேற்ற முடியாது. கழுத்துப் பக்கமாகத் துணியை இழுத்துத் தோளைக் காட்டுவீர்கள். அப்போது கண்ணுக்குத் தெரிவது தோளின் மேல்பகுதி மட்டும். ஊசி மேலே போய்விடும் ஆபத்து அங்கேதான். தளர்வான கையுள்ள உடையில் வாருங்கள், அல்லது திரைமறைவான அறை கேளுங்கள். பெரும்பாலான கடைகளில் ஒதுக்கமான இடம் ஒன்று உண்டு.

போட்டதும் கிளம்பிவிடலாமா?

15 நிமிடம் உட்காருங்கள். மயக்கம் வந்தால் தாங்கிப் பிடிக்க, கடும் ஒவ்வாமை வந்தால் எபிநெஃப்ரின் கொடுக்க நாங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

மருந்தாளுநர் போட மறுக்கலாமா?

மறுக்கலாம், சில சமயம் மறுத்தே ஆக வேண்டும். உயிருள்ள கிருமியால் ஆன தட்டம்மை, சின்னம்மை ஊசிகளைக் கர்ப்பிணிக்கும் நோய் எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவருக்கும் போடக் கூடாது. கடும் காய்ச்சலோடு வந்தால் தள்ளிப்போடுவோம். சாதாரணச் சளிக்காகத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

கர்ப்பிணிகள் விஷயத்தில் இரட்டைக் கவனம் வேண்டும். ஆர்.எஸ்.வி. தடுப்பூசிகளில் கர்ப்பிணிகளுக்கு அனுமதி உள்ளது அப்ரிஸ்வோ ஒன்றுதான். செப்டம்பர் முதல் ஜனவரி வரை, 32 முதல் 36 வாரத்துக்குள். ஊசியைக் கையில் எடுக்கும்போது பெட்டியில் உள்ள பெயரை வாய்விட்டுப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். எந்த நல்ல மருந்தாளுநரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

ஊருக்குப் போகிறோம். டைஃபாய்டு ஊசி கடையில் கிடைக்குமா?

பல கடைகளில் கிடைக்கும். ஆனால் பயணத் தடுப்பூசிகளைப் பொறுத்தவரை, வழக்கமான ஊசிக்குச் சீட்டு கேட்காத மாநிலமே இதற்குக் கேட்கக்கூடும். இந்தியாவுக்குச் செல்பவர்களுக்கு டைஃபாய்டு தடுப்பூசியை நோய்த் தடுப்பு மையம் பரிந்துரைக்கிறது. பயணத்துக்கு இரண்டு வாரம் முன்னதாவது போட வேண்டும். விமானத்துக்கு முந்தின மாலை வந்து கேட்பவர்கள் உண்டு. டிக்கெட் எடுக்கும் அன்றே எங்களுக்கும் ஒரு போன் போடுங்கள். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குத்தான் இது மிகவும் தேவை. ஊர்த் தண்ணீர் அவர்களுக்குப் பழக்கமில்லை.

இந்தியாவில் மருந்துக்கடையில் இப்படிப் போட முடியுமா?

முடியாது. அங்கே மருந்தாளுநர் தன் பொறுப்பில் தடுப்பூசி போடச் சட்டம் இடம் தரவில்லை. கடையில் தடுப்பூசியை வாங்கி, ஐஸ் கட்டியோடு பையில் வைத்து, கிளினிக்குக்கு எடுத்துப்போய்ப் போட்டுக்கொண்ட அனுபவம் நம்மில் பலருக்கு இருக்கும். அந்த வழியில் வெயிலில் நின்ற ஊசி எவ்வளவு வீரியத்தோடு போய்ச் சேரும் என்று இப்போது நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

கொடுத்த தாளை வைத்துக்கொள்ள வேண்டுமா?

கட்டாயம். இரண்டு தாள் தருவோம். ஒன்று தடுப்பூசி விளக்கத் தாள். 1986ஆம் ஆண்டுச் சட்டம் குறிப்பிட்ட ஊசிகளுக்கு அதைக் கட்டாயமாக்கியது. ஊசிக்கு முன்பே அது உங்கள் கையில் இருக்க வேண்டும், கொடுக்காவிட்டால் கேட்டு வாங்குங்கள். மற்றொன்று பதிவு. எந்த நிறுவனத்தின் ஊசி, தொகுதி எண் என்ன, யார் போட்டார், எந்தத் தேதி என்று இருக்கும். மாநிலத் தடுப்பூசிப் பதிவேட்டிலும் நாங்கள் ஏற்றிவிடுவோம். ஆனால் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அந்தப் பதிவேடு தானாகக் கூடவே வராது. கிரீன் கார்டு மருத்துவப் பரிசோதனைக்குப் போகும்போது, அங்குள்ள மருத்துவர் தடுப்பூசிச் சான்றுகளைக் கேட்பார். கடையில் வாங்கிய பதிவு அங்கே செல்லும். கொரோனா ஊசியை மட்டும் 2025 ஜனவரி 22 முதல் அவர்கள் கேட்பதில்லை.

பெற்றோருக்குப் போட்டிருந்தால், அவர்கள் ஊர் திரும்பும் முன் அந்தத் தாளைப் படமெடுத்து உங்கள் போனில் வைத்துக்கொண்டு, அசலை அவர்களுடைய மருந்துப் பையிலேயே போட்டு அனுப்புங்கள். அக்கி ஊசியின் முதல் தவணை இங்கே, இரண்டாவது அங்கே என்று ஆகும்போது, அங்குள்ள மருத்துவர் முதலில் கேட்பது அந்தத் தேதியைத்தான்.